பொட்டுக்குக் கீழே இருந்த திருகு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பதினைந்து பேர் பார்க்க என் ஜீப் பின்னால் வழுக்கியது.

என் ஜீப்! நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப். வேலையை விட்டு ஊருக்குப் போன ஒரு தோட்டத்துத் துரையிடம் ஆறு வருஷத்துக்கு முன் பேசி வாங்கியது. ஹட்டன் டவுனில் அந்த வண்டியைத் தெரியாதவர் கிடையாது. என்னைத் தெரியாதவரும் கிடையாது. லொறியில் மூட்டை ஏற்றினேன், பிறகு லொறி ஓட்டினேன், இன்றைக்கு மூன்று லொறிக்குச் சொந்தக்காரன். நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. ஸ்டியரிங் தாங்கியது. நாற்பது வருஷம்! இந்த மலையில் நான் ஓட்டாத வளைவு உண்டா?

உண்டு. என் தங்கச்சி ராசம்மாவின் லயத்து வீட்டுக்குப் போகிற கடைசி வளைவு.

மழை அந்த ரோட்டைத் தின்றிருந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் மழைத்தண்ணீர் ஓடுகிற கான், நடுவில் சேறு. கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கம்பியை இழுத்தேன். நாலு சக்கரமும் வேலைக்கு வந்துவிட்டது என்று சொல்கிற லைட் எரிந்தது. மிதித்தேன். சேறு பறந்தது... வண்டி பின்னால் போனது.

மேலே நின்ற ஒருவன் கத்தினான்: “மாமா, ஜீப்புக்கு மேல வர இஷ்டமில்ல போல! நீங்க மட்டும் வாங்க!”

நடந்துதான் ஏறினேன். சிரிப்பை விடுங்கள். ராசம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். ஒன்றரை வருஷம் காத்திருந்து கண்டி ஆஸ்பத்திரியில் நாள் கிடைத்திருந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை பகலுக்குள் வார்டில் படுக்க வேண்டும். தவறினால் மறுபடியும் வரிசையின் வால். அவளால் பத்து அடிக்கு மேல் நடக்க முடியாது. த்ரீ வீல் ஆட்டோ அந்த ரோட்டில் வராது.

“நாலு பேரு சேந்தா நாக்காலியோட தூக்கிக்கிட்டு எறக்கிரலாம்” என்றார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

ராசம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். “உசுரோட இருக்கையில என்னைய நாலு பேரு தூக்கக் கூடாது. ஜீப்பு வந்தா வாறேன். இல்லாட்டி இந்தக் காலோடயே இருந்துக்கிறேன்.”

“வாசல்ல வந்து நிக்கும்” என்றேன் நான். சொல்லும்போது கீழே என் ஜீப் கானுக்குள் ஒரு சக்கரத்தை விட்டுக்கொண்டு நின்றது.

மறுநாள் டவுனில் ஒரு கராஜுக்குப் போனேன். “கிளட்ச் பிளேட் போச்சு. மாத்து” என்றேன். மாற்றினார்கள். புதன்கிழமை ஒரு சேற்று மேட்டில் ஏற்றிப் பார்த்தேன். அதே ஆட்டம். இன்னொரு கராஜுக்குப் போய், “கியர் பெட்டியில கோளாறு. எறக்கு” என்றேன். இறக்கினார்கள். இரண்டு நாள் கழித்து, “கொழும்பிலேர்ந்து சாமான் வரணும், ரெண்டு கிழமை ஆகும்” என்றார்கள். வியாழக்கிழமை தாண்டிவிடுமே என்று, திருப்பி மாட்டச் சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திருட்டுப் பயல்கள் என்று வீட்டில் வந்து திட்டினேன். என் சம்சாரம் சரசு கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: “அவுங்களா சொன்னாங்க கிளட்சுன்னு? நீங்கதானே சொன்னீங்க?”

உங்களில் யாராவது டாக்டரிடம் போய், “எனக்கு இன்ன வியாதி, இன்ன மருந்து கொடு” என்று சொல்வீர்களா? நான் சொல்வேன். நாற்பது வருஷ அனுபவம் ஆயிற்றே!

ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ராத்திரி என் தலையில் ஒரு நல்ல யோசனை வந்தது. படித்தவர்களுக்கு வராது. மழையோ, மண் சரிவோ, எந்த நாளும் நிற்காமல் ஓடுகிற வண்டி எது? தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி! கொழுந்து வாடுவதற்குள் பெக்டரிக்குப் போய்ச் சேராவிட்டால் துரையின் சத்தம் அடுத்த தோட்டத்துக்குக் கேட்கும். அப்படியானால் கொழுந்து லொறியைப் பார்க்கிற ஆள்தான் உண்மையான ஆள். ஒரு கொழுந்து லொறி டிரைவரை மடக்கிக் கேட்டேன். “சுனில் பாஸ்னு ஒரு மெக்கானிக். நோர்வூட் போற வழியில, தகரக் கொட்டகை. போர்டு கெடையாது” என்றான்.

போர்டு இல்லாத கராஜ். எனக்குப் பிடித்துப் போயிற்று.

திங்கட்கிழமை போனேன். சுனில் பாஸ் ஐம்பது வயதுச் சிங்களவர். நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன்: “பாஸ், கியர் பெட்டிதான்...”

“மொதலாளி, வாய மூடிட்டு அந்த மேட்டுல ஏத்துங்க. நான் வெளிய நின்னு பாக்கிறேன்.”

என்னிடம் ஒருவர் இப்படிப் பேசி எத்தனை வருஷம் ஆயிற்று! ஏற்றினேன். பாதியில் வண்டி ஆடியது. அவர் கை காட்டி நிறுத்தச் சொன்னார். ஸ்பானரைத் தொடவில்லை. பானட்டைத் திறக்கவில்லை. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

“பின் சக்கரம் ரெண்டும் பேய் மாதிரி சுத்துது. முன்னால ரெண்டும் சும்மா இருக்கு. மொதலாளி, இது என்ன?”

சக்கரத்தின் நடுவில் விரலைக் காட்டினார்.

“பொட்டு” என்றேன்.

ஆறு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சரசு நாலு சக்கரத்துக்கும் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமம் இடுவாள். முன் சக்கரத்தின் நடுவில் வட்டமாக, மேடாக ஒரு மூடி இருக்கும். பொட்டு வைக்கவென்றே செய்த இடம் மாதிரி இருக்கும். வாரா வாரம் வைத்ததில் சந்தனம் சீமெந்து மாதிரி இறுகிப் போயிருந்தது.

“பொட்டு சரி. பொட்டுக்குக் கீழ என்ன?”

குனிந்து பார்த்தேன். சந்தனம்தான் தெரிந்தது.

அவர் உளியை எடுத்தார். எடுத்தவர் தயங்கினார். “வீட்டு அம்மாட்ட ஒரு வார்த்த கேட்ருங்க. சாமி விசயம்.”

போன் போட்டேன். “சொரண்டட்டும். கீழ விழாம பேப்பர்ல புடிச்சு, கால் படாத எடத்துல போடச் சொல்லுங்க” என்றாள் சரசு.

சுனில் பாஸ் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் சுரண்டினார். உள்ளே ஒரு திருகு! அதைச் சுற்றி இங்கிலீசில் இரண்டு வார்த்தை எழுதியிருந்தது. திருகை ஒரு பக்கம் வைத்தால் முன் சக்கரம் தன் பாட்டில் உருளும். மறுபக்கம் திருகினால்தான் எஞ்சினோடு பிடித்துக்கொள்ளும். வண்டியை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் கையால் திருக வேண்டுமாம். உள்ளே கம்பியை இழுத்தால் லைட் எரியும், அவ்வளவுதான்.

“அப்ப ஆறு வருசமா நான் ஓட்டினது?”

“ரெண்டு சக்கரம், ஒரு லைட்” என்றார் சுனில் பாஸ்.

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, கழற்றிக் கழுவி, கிரீஸ் போட்டு மாட்ட அரை நாள் ஆனது. பிறகு என்னை ஓட்ட வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். மோசமான இடம் வந்தால் முதலில் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். சேறென்றால் டயரில் கொஞ்சம் காற்றை இறக்க வேண்டும். இறக்கத்தில் சின்ன கியரில் போட்டுவிட்டு, பிரேக்கை மறந்துவிட வேண்டும்.

“வழுக்கும்போது கால் தானா பிரேக்குக்குப் போகும் மொதலாளி. போக விடாதீங்க. எஞ்சின் புடிச்சுக்கும்.”

நாற்பது வருஷக் காலுக்கு ஒரு சாயங்காலத்தில் புத்தி சொல்வது லேசா? நாலு தடவை திட்டு வாங்கினேன்.

வியாழக்கிழமை விடிந்தபோது மறுபடியும் மழை. அந்த வளைவுக்குக் கீழே ஜீப்பை நிறுத்தி இறங்கினேன். வேட்டியை மடித்துக் கட்டி, முன் சக்கரம் இரண்டையும் திருகினேன். பிறகு சேற்றில் நடந்து மேலே போய்ப் பார்த்தேன்.

“என்னா மாமா, ஜீப்ப வித்துட்டீங்களா? நடந்து வாறீங்க?” அதே குரல்.

திரும்பி வந்து, பாறைப் பக்கமாகவே ஏற்றினேன். முன் சக்கரம் இரண்டும் மண்ணைக் கவ்வியது எனக்குக் கையில் தெரிந்தது. லயத்து வாசலில் போய் நின்றேன். சிரித்தவனே ஓடி வந்து ராசம்மாவுக்குக் கை கொடுத்தான். எக்ஸ்ரே பையை மடியில் வைத்துக்கொண்டு, முன் சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்தாள்.

இறக்கம். வளைவில் வண்டி ஒரு முழம் கான் பக்கம் வழுக்கியது. என் வலது கால் பிரேக்கைத் தேடிப் போனது. இழுத்து வைத்துக்கொண்டேன். ஒரு மூச்சு... இரண்டு மூச்சு... எஞ்சின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்தது. ஜீப் நத்தை மாதிரி இறங்கியது.

தார் ரோட்டுக்கு வந்த பிறகுதான் ராசம்மா வாயைத் திறந்தாள். “அண்ணே, மேலயிருந்து ஒரு வார்த்த பேசலையே. ஒடம்புக்கு முடியலையா?”

பதினொரு மணிக்கு அவளை வார்டில் விட்டேன். இப்போது கம்பு பிடித்து வாசல் வரைக்கும் நடக்கிறாள். அடுத்த மாதம் கம்பையும் விட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

எனக்கும் ஒரு வைத்தியம் ஆனது. இப்போதெல்லாம் கராஜுக்குப் போனால் சாவியைக் கொடுத்துவிட்டு, தள்ளிப் போய் ஒரு பிளேன்டீ குடிக்கிறேன். கோளாறு என்னவென்று பாஸ் சொல்லட்டும்.