ஆனந்தமேரி மிஸ் விட்டுக் காட்டாத குறட்டை

திண்டுக்கல்லில் நாங்கள் வேலை பார்க்கும் நர்சிங் உதவியாளர் பயிற்சி மையத்தில் ஆனந்தமேரி மிஸ்ஸுக்கு 'அலாரம்' என்று பெயர். சாணார்பட்டி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கண்ணயர்ந்தால் போதும், தோளைப் பிடித்து உலுக்கிவிடுவார். அதற்காகத் திட்டு வாங்காத வாரம் இல்லை.

நான் அங்கே வாழ்க்கைமுறைப் பாடம் எடுப்பவன். உடம்புக்குள் நாள்பட்ட அழற்சி வராமலிருக்க எண்ணெய்ப் பலகாரம், பீடி, கண்விழிப்பு எல்லாவற்றையும் விடச் சொல்வேன். இடைவேளையில் நாலு பஜ்ஜி தின்பேன். ஊருக்குத்தான் உபதேசம். மிஸ் அப்படி இல்லை. மருந்து அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்ற தன் பாடத்தை அவர் வீட்டுக்கும் சுமந்துகொண்டு போனார்.

பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசைக்குப் போய்வந்து, கறிச்சோறு தின்றுவிட்டு அவருடைய தம்பி சேவியர் படுத்தார். லோடு ஆட்டோ ஓட்டி இடுப்பு போனவர். டாக்டர் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரையை இஷ்டத்துக்குப் போட்டிருந்தார். பலத்த குறட்டை. கறி தின்ற மதியத்தில் தூங்குகிறவனை எழுப்புவது எங்கள் பக்கம் பெரும் பாவம். எட்டு வருஷம் நர்ஸாக இருந்த அக்கா, நம் மிஸ்ஸே, ஃபேனைக் கூட்டிவைத்து, "மாமா தூங்குறாரு, கத்தாதீங்க" என்று தன் பிள்ளைகளை வெளியே விரட்டி, கதவைச் சாத்தினார். நாலு மணிக்குக் காபி கொண்டுபோனபோது தம்பியின் உதடு நீலமாக, உடம்பு சில்லென்று இருந்தது.

இதை என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார். சொல்லும்போது அவர் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போன ஜூலையில் ஒரு காலை, என் வகுப்புக்கு அடுத்த அறையில் அவர் பாடம். வலி மாத்திரை அளவு மீறினால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், மூச்சு குறையும், உலுக்கினாலும் எழமாட்டார்கள், தொண்டையில் குறட்டை வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகேஸ்வரி என்ற மாணவி எழுந்தாள்.

"எங்கப்பாவுந்தான் தெனம் கொறட்ட விடுறாரு. இது எப்படி வேற மாதிரி இருக்கும்? விட்டுக் காட்டுங்க மிஸ்."

"புக்குல இருக்கு, படி." வருஷா வருஷம் இதே பதில்தான்.

"புக்குல சத்தம் கேக்காதுல்ல மிஸ்?"

வகுப்பு சிரித்தது. பிறகு அது வந்தது. தொண்டைக்குள் தண்ணீர் கொப்பளிப்பது போல ஒரு இழுப்பு. நெடுநேரம் அமைதி. மறுபடி ஒரு இழுப்பு. சுவருக்கு இந்தப் பக்கம் என் வகுப்பை அப்படியே விட்டேன். என்னவோ ஏதோவென்று ஓடினேன். மிஸ்தான் விட்டுக் காட்டியிருந்தார்.

பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மகேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை.

"மிஸ்... எங்கப்பா இப்ப இப்படித்தான் தூங்குறாரு. ராத்திரி முதுகுவலின்னு அஞ்சாறு கேப்சூல் போட்டாரு. தூங்கட்டும்னு கதவச் சாத்திட்டு வந்தேன்."

வீட்டுக்குப் போன் போட்டாள். "அசந்து தூங்குறாருடி, எதுக்கு எழுப்பச் சொல்ற?" என்றார் அவள் அம்மா. மிஸ் போனைப் பிடுங்கினார். "எழுப்புங்கம்மா! எந்திரிக்கலைன்னா ஒருக்களிச்சுப் போடுங்க. மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே இருங்க. ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேன்."

மனிதர் பிழைத்தார். மையத்தில் கேக் வெட்டினார்கள். மிஸ் தொடவில்லை.

"பதினோரு செட்டு சார்," என்றார் என்னிடம். "ஒரு பிள்ளைக்கும் இத நான் விட்டுக் காட்டலயே."

மறுநாள் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினார். நலம் விசாரிப்பார். "போனக் காதுல வச்சுக் கேளு தாயி" என்பார். அந்தக் குறட்டையை விடுவார். மிஸ்ஸுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிலர் சிரித்தார்கள்.

ஆறாவதாகக் கொடைரோட்டு ஐரின். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. மிஸ் குறட்டையை விட்டு முடித்தார்.

"ஐரின்? இருக்கியா?"

"இருக்கேன் மிஸ்," என்றாள். "எங்கண்ணன் போன வருசம் இப்படித்தான் தூங்குனான், எந்திரிக்கவே இல்ல. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."