நல்லாருக்கேன் கண்ணு

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களை மாதாமாதம் போனில் கூப்பிட்டு, எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பதுதான் மாலதியின் வேலை. கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எத்தனை பேர் உண்மையிலேயே குணமானார்கள் என்று தெரிந்தால்தானே வைத்தியத்தின் தரம் உயரும்? அதற்கென்றே அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள். நல்ல யோசனைதான், நான் குறை சொல்ல மாட்டேன். கேட்ட விதம்தான் கோளாறு.

"நல்லாருக்கீங்களாம்மா?" என்பாள். நம் ஊரில் இந்தக் கேள்விக்குப் பாடையில் ஏறும்வரை ஒரே பதில்தான். மாலதி அந்த "நல்லாருக்கேன்"ஐ அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினாள். முட்டி மாற்றிக்கொண்டவர்கள் ஒருவர் விடாமல் குணம்! கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போயிற்று? ஆண்டு விழாவில் அவளுக்குக் கேடயம் கொடுத்துக் கைதட்டினார்கள். அதை டிவி பக்கத்தில் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி என்பதால் எனக்கு இரண்டு முறை.

போன தை மாதம் புவனகிரியில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போய்விட்டு, சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். காய்கறிக் கூடையோடு ஓர் அம்மாள் படியில் கால் வைக்கப் பார்த்தார். வலது முட்டி மடங்கவே இல்லை.

"சீக்கிரம் ஏறும்மா, உனக்காவ வண்டி நிக்குமா?" என்று கண்டக்டர் கத்தினார். யாரோ இரண்டு பேர் தூக்கிவிட, மூட்டை மாதிரி உள்ளே வந்து, மாலதி பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"ஆபரேசன் பண்ண காலு கண்ணு, கோச்சுக்காத."

குரலைக் கேட்டதும் மாலதிக்குத் திக்கென்றது. ரத்தினம்மாள்! "நல்லாருக்கேன் கண்ணு, நீ நல்லாரு" என்று வாழ்த்தாமல் ஒரு மாதமும் போனை வைத்ததில்லை. முகத்தைப் பார்ப்பது இப்போதுதான்.

"ஆஸ்பத்திரியில சொல்லலியா?"

"ஒரு பொண்ணு போன் பண்ணும். அவ்ளோ மரியாதையா பேசும். சரியில்லன்னு சொன்னா பெரிய டாக்டரு அதத்தான் திட்டுவாரு. எதுக்கு பாவம்? என் காலு என்னோட போவட்டும். மார்க்கெட்டுக்குத்தான் போவ முடியல. தெனம் போனவ, இப்ப எவனாச்சும் தூக்கி உட்டாத்தான்."

மாலதி அவர் காலுக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தாள்.

"நீ எங்க கண்ணு வேல பாக்குற?"

"கடலூர்ல... ஒரு ஆபீஸ்ல."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்ததாம். என்னிடம் இதைச் சொல்லும்போதும் அவள் தலை நிமிரவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் எழிலனிடம் ரத்தினம்மாளின் முட்டியைப் பற்றி விசாரித்தாள்.

"மூணு மாசத்துக்குள்ள வந்திருந்தா மயக்கம் குடுத்து மடக்கி உட்டுருக்கலாம். இப்ப திரும்பக் கத்திதான். இன்னும் தள்ளிப்போட்டா அதுவும் கஷ்டம். அவுங்க ஏன் நம்மகிட்ட சொல்லல?" என்றார்.

கேட்க வேண்டியதைத் தான் கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லை. நேரே போய் ரத்தினம்மாளைப் போனில் கூப்பிட்டாள்.

"நேத்து பஸ்ல உங்க பக்கத்துல உக்காந்திருந்தது நான்தாம்மா. ஆபீஸ்னு பொய் சொல்லிட்டேன்."

"தெரியும் கண்ணு. நீ அத சொன்னப்பவே கொரல் புடிபட்டுடுச்சி. கேட்டா உனக்கு அசிங்கமாப் பூடுமேன்னு உட்டுட்டேன்."

மாலதிக்கு அழுகை வந்துவிட்டது. இவள் ஒளிந்துகொண்டது போதாதென்று, ஒளிவதற்கு அந்த அம்மாள் இடமும் விட்டுக் கொடுத்திருக்கிறார்! வலியையும் தாங்கி, இவள் மானத்தையும் காப்பாற்றியிருக்கிறார். கேடயம் வாங்கியதோ இவள்.

"திரும்ப வைத்தியம் பண்ணலாம்னு சொல்றாங்கம்மா. ஆனா நீங்க உண்மையச் சொல்லணும். என்னை யார் திட்டினாலும் பரவால்ல. முட்டி எப்படி இருக்கு?"

"நல்லா..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த குரல் பாதியில் நின்றது.

"இல்ல கண்ணு," என்றார் ரத்தினம்மாள். "ராத்திரியெல்லாம் அழுவுறேன்."