தலைகீழாக மாட்டிய மலை

பெயிண்ட் அடிக்க வந்த தம்பி நல்ல பிள்ளை. கழற்றி வைத்த படங்களை எல்லாம் அவனே திரும்ப மாட்டியும் கொடுத்தான். "அக்கா, கூடத்துப் படம் தலைகீழா இருந்துச்சு. நேரா மாட்டிட்டேன்" என்றான் பெருமையாக. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த வேங்கிக்கால் வீட்டுக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அது அப்படித்தான் தொங்குகிறது. வருகிறவர்கள் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, நாகரிகமாக ஒன்றும் கேட்காமல், காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள், பாவம்!

அவன் போனதும் படத்தைக் கழற்றி மோந்து பார்த்தேன். மை வாசனை இன்னும் இருக்கிறது. என் மூக்குக்கு மட்டும்தானோ என்னவோ.

தொண்ணூறுகளில் கோயில் பக்கத்து அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோர்க்கிற வேலை எனக்கு. நாள் பூராவும் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை. மாடியில் மெஹ்ரிம்மா குடியிருந்தார். ஈரான்காரர். ஆசிரமத்தில் பத்து நாள் இருக்கலாம் என்று வந்து ஆறேழு வருஷம் இருந்துவிட்டவர். மரப்பலகையில் படம் செதுக்கி, எங்கள் மெஷின் சும்மா இருக்கும் மதியங்களில் அச்செடுத்துக்கொள்வார். கத்திரிக்காய் விற்கிற அம்மா 'விலை கம்மிதான்' என்று சொன்னதைக் கேட்டு, "கம்மி எங்க வார்த்தை!" என்று கூடையோடு ஓடிவந்து என்னிடம் சொன்னவர்.

பிரம்மா அன்னமாகப் பறந்தும் எங்கள் ஊர் மலையின் முடியைக் காணாத கதையை ஒருநாள் அவருக்குச் சொன்னேன். "அய்யோ, தனியா போச்சா? துணைக்கு எங்க பறவை அனுப்பறேன்" என்றார். சீமுர்க் என்று அவர்கள் கதைகளில் ஒரு பெரும்பறவை உண்டாம். பௌர்ணமி கிரிவலத்தில் கூட்டத்தோடு நடந்துவிட்டு வந்து, அதே ஜோரில் பலகையில் வரைந்து செதுக்கினார். கீழே நடக்கிற ஜனம், நடுவில் மலை, மேலே அன்னத்தோடு தீ மாதிரி வால் விரித்த சீமுர்க். இந்த அச்சுக்கென்றே ஊரிலிருந்து கொண்டுவந்த தாள் நாற்பதுதான் அவரிடம் மிச்சம், எங்கள் பத்திரிகைத் தாளில் பலகை மை சரியாக ஏறாது. நாற்பதிலும் அச்செடுத்தோம். அடுத்த வாரம் சென்னையில் கண்காட்சி, இந்த நாட்டில் அவருக்கு அதுதான் முதல்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "அய்யய்யோ, என்னாங்க இது? ஜனம் இடமா சுத்துது! சாவுக்குத்தானேங்க அப்படி சுத்துவாங்க!"

பார்த்தால் ஆமாம். வலக்கைப் பக்கம் இருக்க வேண்டிய மலை எல்லோருக்கும் இடக்கைப் பக்கம் நின்றது. அச்சில் இடவலம் மாறும் என்பதையே அந்த ஜோரில் அவர் மறந்திருக்கிறார். மெஹ்ரிம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "வேற தாள் இல்ல" என்று மட்டும் சொன்னார். எனக்கு மானம் போயிற்று. நாள் முழுக்க இடவலம் மாறிய ஈய எழுத்தைப் படிக்கிறவள் நான். பலகையை மெஷினில் பூட்டியவளும் நானே. வாயைப் பிளந்துகொண்டு பறவையைப் பார்த்திருக்கிறேன்!

அழுகை வந்தது. அதை மறைக்க ஒரு தாளை இழுத்து மேஜையில் போட்டேன். எழுத்துக் கோர்க்கிறவர்கள் ஈய வரிகளைத் தலைகீழாக வைத்துத்தான் படிப்போம். கையும் பழக்கத்தில் அப்படியே போட்டுவிட்டது. பார்த்தேன், மறுபடி பார்த்தேன்.

"மெஹ்ரிம்மா, இங்க வாங்க. குளத்துல தெரியற மாதிரி இல்ல?"

அவர் வந்து குனிந்தார். தலைகீழ் மலை, தலைகீழ் ஜனம். ஆனால் போகிற திசை சரி. கரையில் வலமாகப் போகிறவர்களின் நிழல்தான் தண்ணீரில் இப்படி விழும்.

அன்று சாயங்காலமே இருவரும் வேங்கிக்கால் பக்கம் ஒரு குளத்துக்குப் போய், தண்ணீரில் மலை ஆடுவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அலைகளை மட்டும் இன்னொரு பலகையில் செதுக்கி, நாற்பது தாளிலும் நீலத்தில் ஏற்றினார். "இப்போ பறவை நீந்துது!" என்று மைக்கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். அந்த ரவிக்கை அப்புறம் எதற்கும் ஆகவில்லை. முதல் பிரதி எனக்கு. மீதி சென்னைக்குப் போய்ப் பாராட்டு வாங்கியது.

பிறகு அவர் கனடாவிலிருந்த மகளிடம் போனார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. அச்சகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அந்தக் குளத்தையும் தூர்த்து மனை போட்டு விற்றார்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதில் ஒரு மனை நாங்கள் வாங்கியது.

ஸ்டூல் போட்டு ஏறி, படத்தை மறுபடி தலைகீழாக மாட்டினேன். இந்த இடத்தில் மலை அப்படித்தான் தெரிந்தது.