காரியாபட்டிக்குப் போன சுருக்குப்பை

எங்கள் பக்கத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் தாம்பூலப் பையில் ஒரு ரவிக்கைத் துணி இருக்கும். அதை யாரும் ரவிக்கையாகத் தைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பீரோவில் வைத்திருந்து, அடுத்த விசேஷத்தில் அடுத்தவர் தலையில் கட்டிவிடுவோம். கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுத்து மானம் போகக்கூடாதே என்று, ஒவ்வொன்றிலும் யார் வீட்டுத் துணி என்று சீட்டு எழுதிச் செருகி வைப்பேன். அந்த விஷயத்தில் நான் கெட்டிக்காரி.

சாயம் இறங்கியது, அளவு பத்தாதது, இழை விட்டது என்று யாருக்கும் தள்ளிவிடவே முடியாத துணிகள் கொஞ்சம் தேங்கிவிட்டன. அவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி, போன வருஷம் கட்டிலுக்கு ஒரு ஒட்டுத்துணி விரிப்பு தைத்தேன். மிச்சத் துண்டுகளைத் தூர எறிய மனம் வரவில்லை.

அந்தச் சமயம்தான் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. காரியாபட்டியில் இருக்கும் என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, எங்களோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு நேரில் போய் அழைக்காமல் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பியதுதான் நான் செய்த கொலைக்குற்றம். மகளோ அத்தை மடியில் வளர்ந்தவள். "அத்தை வரலைன்னா நான் மேடை ஏற மாட்டேன்" என்று ஒரே பிடி. வீட்டுக்காரர், "நீயாச்சு, அவளாச்சு" என்று பேப்பருக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். எவ்வளவு பெரிய மனுஷன்!

வெறும் பத்திரிகையோடு போகக் கூச்சமாக இருந்தது. மிச்சத் துண்டுகளில் நல்லதாக எட்டு எடுத்து, பக்கத்துக்கு நாலாக மூட்டி, உள்ளே பழைய வேட்டித் துணி கொடுத்து, வாயை மடித்துத் தைத்து நாடா கோத்தேன். போனை வைத்து இடுப்பில் செருகிக்கொள்ள வாகான சுருக்குப்பை. எங்கள் ஊர் பாளையம்பட்டியில் பஸ் ஏறிப் போய், வெற்றிலை பாக்கு, பத்திரிகை, அதற்கு மேல் பை என்று தட்டை நீட்டினேன்.

நாத்தனார் பத்திரிகையைத் தொடவில்லை. பையை எடுத்துப் புரட்டினாள். ஊதாவில் மஞ்சள் புள்ளி போட்ட ஒரு துண்டில் விரல் நின்றது.

"மதினி, இது எங்க வீட்டுக் காதுகுத்துக்கு நான் குடுத்த துணில்ல?"

வெட்டும்போது சீட்டுகளை எல்லாம் கூட்டிக் குப்பையில் போட்டவள் நான்தானே. போச்சு, மகள் கல்யாணம் போச்சு என்று நினைத்தேன்.

அவளுக்குக் கண் கலங்கியது. "ஊரே அடுத்தவளுக்குத் தள்ளிவிடுறாளுக. நான் குடுத்ததை வீட்டுலயே வச்சு, கத்தரி போட்டுத் தச்சது நீங்க ஒருத்திதான் மதினி."

நனைத்தால் வாளித் தண்ணீர் முழுக்க ஊதாவாகும் துணி அது. யார் தலையிலும் கட்ட முடியாமல்தான் வெட்டினேன். அதையா சொல்ல முடியும்? "பையை மட்டும் நனைச்சிராதம்மா" என்றேன்.

விறுவிறுவென்று உள்ளே போனவள், ஒரு கட்டைப்பை நிறைய ரவிக்கைத் துணியோடு வந்தாள். "கல்யாணத்துக்கு வாரவுகளுக்கெல்லாம் இதே மாதிரி பை தச்சுக் குடுத்துருவோம். நான் பத்து நாளு முன்னாடியே வாரேன். நீங்க மெஷினை மிதிங்க, நான் வெட்டித் தாரேன்."

சொல்லிக்கொண்டே கத்தரியைத் தேடப் போனாள். கட்டைப்பையைப் பக்கத்தில் இழுத்தேன். மேலாக ஒரு கிளிப்பச்சைத் துணி, என் மகள் சடங்கில் நான் இவளுக்குக் கொடுத்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை. உள்ளே, "அண்ணன் வீடு" என்று அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு.

அவள் திரும்பி வருவதற்குள் சீட்டை உருவிக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "மொதல்ல இதை வெட்டும்மா" என்று நீட்டினேன்.