பெரியப்பா மகனும் என் குடும்பவியல் பட்டமும்

குடும்பவியல் படிக்க இடம் கிடைத்த அன்று புக்கிட் காத்திலில் எங்கள் ஜாலானில், தெரு முழுக்க ஒரே சிரிப்பு. "குடும்பத்த பத்தி படிக்க யூனிவர்சிட்டிக்கா போவாங்க? எங்க வீட்டுல வந்து ஒரு வாரம் தங்குலா, எல்லாம் தெரிஞ்சிடும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அப்பாவோடு லோரி ஓட்டும் ஒருவர், படித்து முடித்தால் கல்யாணத் தரகு வேலைதானே கிடைக்கும் என்று அக்கறையாக விசாரித்தார். அம்மாவுக்குத்தான் கவலை. டாக்டர், லாயர், டீச்சர் என்றால் கோயிலில் நாலு பேருக்குப் புரியும். இதை என்னவென்று சொல்வது? கடைசியில் "சைக்காலஜி மாதிரி" என்று சொல்லிச் சமாளித்தார்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்துக்குப் படிப்பு பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, பெரியப்பா மகன்.

பதறாதீர்கள், சொல்கிறேன். பெரியப்பா எங்களுக்குச் சொந்தமே இல்லை. அலோர் காஜா பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் அப்பாவும் அவரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். அப்பா அவரை "அண்ணே" என்றார், அதனால் எனக்குப் பெரியப்பா. எஸ்டேட்டை விற்றபோது இரண்டு குடும்பமும் ஒரே லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே அடுத்தடுத்த ஜாலானில் குடியேறினோம். அவர் மகனும் நானும் ஒரே வயது, தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பு. பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். அண்ணன் என்ற சொல் என் வாயில் ஒருநாளும் வந்ததில்லை, அதற்காக அம்மனுக்கு ஆயிரம் கும்பிடு. அவன் பாச்சாங்கில் ஏர்கோன் பொருத்தும் வேலைக்குப் போனான், நான் பல்கலைக்கழக இடத்துக்குக் காத்திருந்தேன், நடுவில் எப்படியோ காதல் வந்துவிட்டது. ரத்தத்தில் ஒரு தடையும் இல்லை. ஆனால் பெரியப்பா மகன் என்றால் அண்ணன் முறை. நம் ஆட்களுக்கு முறை என்றால் முறைதான்.

பல்கலைக்கழகத்தில் முதல் வேலையாக அவரவர் குடும்பத்தைப் படமாக வரையச் சொன்னார் விரிவுரையாளர், ஒரு மலாய் அம்மா. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு கோடு. மற்றவர்கள் சின்னத் தாளிலேயே முடித்துவிட்டார்கள். நான் பெரிய மாஜோங் தாளை வாங்கி விரித்தேன், அதுவும் பத்தவில்லை. எஸ்டேட்டே உள்ளே வந்துவிட்டது. பால் மரம் வெட்டிய மாமா, கணக்கெழுதும் கிராணி வீட்டு அத்தை, கோயில் சித்தப்பா என்று ஒருவரையும் விடவில்லை. இதில் யாரெல்லாம் உன் சொந்தம் என்று கேட்டார். எல்லாருமே என்றேன். ரத்த சொந்தத்தை மட்டும் வை என்றார். தாளின் மூலையில் நாங்கள் கொஞ்சம் பேர் மிஞ்சினோம். வகுப்பே சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அப்புறம் அவரிடம் தனியாக என் சிக்கலைச் சொன்னேன். அவருக்கு விளங்கவே இல்லை. "அப்பாவோட கூட்டாளி மகன்தானே? கட்டிக்கோலா" என்று மலாயில் சொல்லிவிட்டு நாசி லெமாக் சோற்றைத் தொடர்ந்து சாப்பிட்டார். பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் சேர்த்து மலாய்க்காரர்களுக்கு ஒரே சொல், பாக்சிக்தான். கொடுத்து வைத்தவர்கள்.

படித்தால் என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு எங்கள் வகுப்பே பதில் சொன்னது. ஒருத்தி பிள்ளைகள் பராமரிப்பு நிலையம் தொடங்கினாள். ஒருவன் மருத்துவமனையில் நோயாளிகளின் வீட்டாரோடு பேசி அவர்களைத் தேற்றுகிறான். கம்பெனிக்கு ஆள் எடுக்கும் பிரிவில் போய் உட்கார்ந்தவர்களும் உண்டு, முதியோர் இல்லத்தில் சேர்ந்து தாத்தாக்களிடம் திட்டு வாங்குகிறவளும் உண்டு. எனக்கு அலோர் காஜாவில் ஒரு குடும்ப ஆலோசனை நிலையத்தில் வேலை. பேச்சை நிறுத்திக்கொண்ட புருஷன் பெண்டாட்டி வருவார்கள், மகன்மேல் புகார் சொல்ல அம்மா வருவார், அந்த மகனே அடுத்த வாரம் அம்மாமேல் புகாரோடு வருவான். அடுத்தவர் வீட்டுச் சண்டையைக் கேட்கச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை அப்பாவால் நம்பவே முடியவில்லை. எனக்கு அந்த வேலை பைத்தியமாகப் பிடித்துப்போனது.

இந்த நேரத்தில்தான் பெரியப்பா மகன் தைரியம் வந்து எங்கள் காதலை வீட்டில் சொல்லிவிட்டான். பெரியப்பா கத்தவில்லை, அடிக்கவில்லை. தினமும் காலையில் எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். அவர் சம்மதம் இல்லாமல் கல்யாணம் வேண்டாம் என்பதில் நாங்கள் இருவரும் உறுதியாக இருந்தோம். அவர் முடியாது என்றால் முடியாதுதான்.

சொந்த வீட்டு வழக்கைக் கையில் எடுக்காதே என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். நான் எடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு ஹாலில் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தேன். பெரியம்மாதான் பெரியப்பாவை இழுத்துக்கொண்டு வந்தார். நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது ஒரு பொருளைக் கையில் வைத்திருப்பவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும். அன்று அகப்பட்டது டிவி ரிமோட். அதை முதலில் அம்மாவிடம் கொடுத்தது என் தப்பு. அவர் திருப்பித் தரவே இல்லை. பேச்சு வேகத்தில் எதையோ அமுக்க, டிவி அலறியது. சீரியலில் யாரோ ஒருத்தி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்பா சிரிப்பை அடக்கமுடியாமல் சமையலறைக்கு ஓடினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினான். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை.

ஆளுக்கு ஆள் கேட்டுப் பார், ஒவ்வொருவரும் வேறு குடும்பத்தைச் சொல்வார்கள் என்பார்கள் எங்கள் படிப்பில். ஒன்றும் ஓடாமல் பெரியப்பாவைக் காட்டி அம்மாவிடம் கேட்டேன்.

"மா, நீங்க இவர என்னான்னு கூப்புடுறீங்க?"

"என்னா கேள்வி இது? அண்ணேன்னுதான்."

"அப்பா?"

"அவரும் அண்ணேன்னுதான்."

"புருஷனுக்கும் அண்ணன், பொண்டாட்டிக்கும் அண்ணனா? எப்படிமா?"

கல்யாணமாகி எஸ்டேட்டுக்கு வந்த புதிதில், லயத்துப் பெண்கள் கூப்பிடுவதைக் கேட்டு அம்மாவும் அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார். அவரும் பதிலுக்குத் தங்கச்சி என்றார். அப்பாவோடு கூடப் பிறந்தவராக இருந்தால் அம்மா அப்படிக் கூப்பிட்டிருக்கவே முடியாது. இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே ஆளை அண்ணே என்று கூப்பிட்டும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எஸ்டேட்டில் பாதி வீடுகளில் இதே கதைதான்.

"அம்மாவுக்கு அண்ணன்னா எனக்கு என்னா முறை?" என்றேன்.

"மாமன்லா!" சமையலறையிலிருந்து அப்பா கத்தினார்.

"அப்போ நான் அத்த!" பெரியம்மா எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அம்மா ரிமோட்டை ஆட்டி ஆட்டி, இதைத்தான் முதலிலிருந்தே தான் சொல்லவந்ததாகச் சாதித்தார். அவன் நிமிர்ந்து பார்த்தான், முகமெல்லாம் பல். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பட்டம் வாங்கிய அன்றுகூட நான் அப்படி மிதக்கவில்லை.

பெரியப்பா எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"இப்ப முறை சரியாத்தானே இருக்கு?"

"முறை யாருக்கு வேணும்?" என்றார். "நமக்குள்ள ரத்த சொந்தம் இல்லன்னு எனக்குத் தெரியாதா? எனக்குப் பொம்பளப் புள்ள இல்ல. நீ பொறந்தப்ப ஒன்ன கையில வாங்குனதுலேர்ந்து எனக்கு ஒரே மக நீதான். எல்லாருக்கும் மருமக சும்மா வருது. எனக்கு மட்டும் மகள கொடுத்துட்டு மருமகள வாங்கிக்கணுமா?"

எதிரே இருப்பவர் கலங்கினால் எப்படி உட்கார வேண்டும், எப்போது டிஷ்யூ நீட்ட வேண்டும் என்றெல்லாம் படித்திருக்கிறேன். இதற்கு ஒன்றும் படிக்கவில்லை. இவரை மாமா என்று கூப்பிட்டுவிட்டால் எனக்கும் பெரியப்பா என்று கூப்பிட வேறு ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அப்படீன்னா வேணாம்" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

அவர் செருப்பைக் கழற்றினார்.

"அழாதலா. அந்தப் பயலுக்கு ஒன்ன விட்டா வேற யாரு கெடைப்பா? சரி, கூப்டு. பாப்போம்."

வாயில் வரவில்லை. உள்ளே எல்லாரும் ஜன்னலில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து எட்டிப் பார்ப்பது தெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"மாமா."

உள்ளே ஒரே கைதட்டல், அத்தை குலவையே போட்டார். கண்ணைத் திறந்து பார்த்தேன். நான் கூப்பிட்டால் எப்போதும் உடனே "ஏம்மா" என்பவர், யாரைக் கூப்பிடுகிறேன் என்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.