சைக்கிளைப் பிடிக்க நின்றவர்

சேற்றுக்குள் சைக்கிள் ஓடுகிற விசரி என்று என் மச்சாள் என்னைப் பற்றி ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற வுப்பர்டால் நகர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. நாற்பது தாண்டி, இரண்டு பிள்ளைகளை வளர்த்து, பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிற ஒருத்தி, குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி வைக்காமல் காட்டுக்குள் போய் விழுந்து எழும்பி வந்தால் வேறென்ன பெயர் வைப்பது?

இந்தப் பந்தயத்துக்கு சைக்ளோகுரோஸ் என்று பெயர். இலையுதிர் காலத்தில் தொடங்கித் தை மாதம் வரைக்கும் நடக்கும். புல்வெளி, மணல், படிக்கட்டு, சேறு என்று ஒரு சின்னச் சுற்றுப்பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். ஓட முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். மழை நாளென்றால் அரைச் சுற்றுக்குள்ளேயே சேறு சில்லுகளிலும் சங்கிலியிலும் அப்பி, சைக்கிள் கல்லாகக் கனக்கும். அதற்காகவே பாதையோரம் சைக்கிள் மாற்றுகிற இடமொன்றை ஒதுக்கியிருப்பார்கள். அங்கே உங்களுடைய ஆள் சுத்தமான இரண்டாவது சைக்கிளோடு நிற்பார். ஊத்தைச் சைக்கிளை அவர் கையில் விட்டுவிட்டு மற்றதில் ஏறிப் போய்விட வேண்டியதுதான். நீங்கள் திரும்பி வருவதற்குள் அவர் அதைக் கழுவி எண்ணெய் விட்டு வைத்திருப்பார்.

எனக்காக அங்கே நின்றவர் என் மனுசன். தொடக்கத்தில் அவரும் சிரித்தவர்தான். ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்த இடத்தில், எங்கள் சைக்கிள் கழகத்துப் பையன் ஒருவன் என் சைக்கிளைத் தலைகீழாகப் போட்டுக் கழுவிய அழகைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. தொழிற்சாலையில் லேத் மெசினில் இரும்பு கடைகிற மனிதர் அவர். அடுத்த ஞாயிறு தன் தூரிகைகளோடு வந்து நின்றுவிட்டார். அதன் பிறகு நான் அவரைத் தேட வேண்டியே இருந்ததில்லை. ஓடி வந்து இடது கையை விட்டால் ஊத்தைச் சைக்கிள் போயிருக்கும், வலது கையை நீட்டினால் சுத்தமானது வந்திருக்கும். மற்ற உதவியாளர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவர் ஒரே ஒரு சொல்தான் சொல்வார்: "பிடியும்."

நான் சொல்லப்போகிற வருடம், வசந்தம் முடிகிற நேரம், அடுப்பில் வெங்காயம் கருகிப் புகை எழும்ப, பக்கத்துக் கதிரையில் இருந்து அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கை எங்கே அடகு வைத்தீர்கள் என்று நான் கத்தினேன். அவர் நிமிர்ந்து, உண்மையிலேயே ஒன்றும் மணக்கவில்லை என்றார். அதற்கு முன்பே சட்டைப் பொத்தான் பூட்ட நேரமெடுத்தது, வலது கால் கொஞ்சம் இழுபட்டது. வயது போகுது என்று இரண்டு பேரும் பகிடி விட்டுக்கொண்டு இருந்துவிட்டோம். நரம்பு வைத்தியரிடம் டெர்மின் என்கிற முன்பதிவு கிடைக்கவே மாதக்கணக்கானது. அவர் கையை விரிக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். பிறகு பார்க்கின்சன் நோய் என்றார். மணம் தெரியாமல் போவது பலருக்கு அதன் முதல் அறிகுறி என்றும், கையின் நடுக்கம் இனிக் கூடலாம் என்றும் விளங்கப்படுத்தினார்.

காருக்குள் ஏறியதும் என் மனுசன் சொன்ன முதல் விசயம், "இதை ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

காரணம் எனக்குத் தெரியும். கோயிலுக்கு வருகிற ஒரு அண்ணைக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்திருந்தது. அவருக்கு அறிவெல்லாம் தெளிவு. ஆனால் அன்றிலிருந்து சனம் அவரோடு கதைப்பதை விட்டுவிட்டது. அவர் முன்னாலேயே நிற்க, அவருக்குத் தேத்தண்ணி வேணுமோ என்று மனைவியைக் கேட்பார்கள். அவரைக் கேட்டால் காதில் விழாதவருக்குச் சொல்வது போலக் கத்துவார்கள். அதை என் மனுசன் ஒவ்வொரு வெள்ளியும் பார்த்துக்கொண்டிருந்தவர். பிள்ளைகளுக்கு மட்டும் சொன்னோம். மற்ற எவருக்கும் சொல்வதில்லை என்று நான் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

உண்மையைச் சொன்னால் அந்த வருடம் எனக்குப் பந்தயமே வேண்டாம் என்றிருந்தது. காலையில் எழும்பிப் பயிற்சிக்குச் சப்பாத்தைப் போட்டுவிட்டுத் திரும்பக் கழற்றி வைப்பேன். யாரை முந்தி என்ன கிழிக்கப் போகிறேன்? நான் எப்போதும் நடுவுக்குக் கீழேதான் வருகிறவள். விட்டுவிடுவோம் என்று சொல்லியும் பார்த்தேன்.

"நீர் ஓடாட்டி நான் எங்கை போய் நிக்கிறது?" என்று கேட்டார்.

அடுத்த நாளே பயிற்சிக்குப் போனேன். தொழிற்சாலையில் அவரை மெசினில் இருந்து எடுத்து ஸ்டோரில் விட்டிருந்தார்கள். கார் ஓடுவதை அவரே நிறுத்திவிட்டார். மிச்சமாக இருந்தது அந்தச் சைக்கிள் மாற்றுகிற இடம் ஒன்றுதான். ஆகவே அந்தப் பருவம் முழுக்க நான் ஓடியது அவர் அங்கே நிற்பதற்காக. அதற்கு மேல் ஒரு ஊக்கமும் என்னிடம் இருக்கவில்லை.

முதல் பந்தயங்கள் பரவாயில்லை. வைத்தியர் கொடுத்த குளிசையைப் பந்தய நேரத்துக்குக் கணக்குப் பண்ணிப் போட்டுக்கொள்வார், கை சொன்னதைக் கேட்கும். மற்ற நேரம் வலது கை ஜக்கெட் பொக்கற்றுக்குள்ளேயே இருக்கும். மார்கழியில் ஒரு பந்தயம். உறைபனியால் தொடக்கத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போனார்கள். குளிசையின் வேகம் முடிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது, முகம் அசைவில்லாமல் இருந்தது. இண்டைக்கு வேண்டாம், நான் ஒரு சைக்கிளோடேயே ஓடுகிறேன் என்றேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுத் தூரிகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாவது சுற்றில் நான் மாற்ற வந்தபோது, அவர் சைக்கிளைப் பிடித்தபடி பாதையின் நடுவில் நின்றார். கால் நிலத்தில் ஒட்டிவிட்டது. இந்த நோயில் அப்படி வரும், மூளை நட என்னும், கால் அசையாது. நான் எப்படியோ விலகிவிட்டேன். பின்னால் வந்த வேறு கழகத்துப் பெண்ணால் விலக முடியவில்லை. நேராக அவரில் மோதி இரண்டு பேரும் விழுந்தார்கள். அவளுக்கு முழங்கை உரசிப் பந்தயம் போனது. எழும்பியவள் ஏசிய ஏச்சில் பாதி நியாயம். இவர் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் பயத்திலும் குளிரிலும் சொற்கள் குழறிக்கொண்டு வந்தன. சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் சேற்றுச் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குக் கழகத் தலைவர் வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர், நல்ல மனிதர், அதுதான் இன்னும் எரிச்சல். குரலைத் தாழ்த்தி, உன் கணவரை எங்கள் எல்லாருக்கும் பிடிக்கும் என்று தொடங்கினார். கொஞ்ச நாளாகவே கவனிக்கிறார்களாம். நடை தள்ளாடுகிறது, பேச்சுக் குழறுகிறது, திரும்பிப் போகும்போது எப்போதும் நான்தான் கார் ஓடுகிறேன். தன் சொந்தத் தம்பியும் அப்படித்தான் இருந்து மீண்டவன் என்றார். பிறகு நேராகவே கேட்டார், அவர் குடிக்கிறாரா?

பத்தடி தூரத்தில் என் மனுசன் தூரிகைகளை வாளிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். குடிக்கிறாரா என்று அவரைக் கேட்காமல் என்னைக் கேட்கிறார்! ஒரு சொல் போதும், பார்க்கின்சன் என்று சொன்னால் இந்த மனிதர் வெட்கத்தில் கூனிக் குறுகிப் போவார். ஆனால் சத்தியம் பண்ணியிருந்தேன். நான் பேசாமல் நின்றேன். அதை அவர் ஆம் என்று எடுத்துக்கொண்டு என் தோளில் தட்டினார். இனி அவர் அந்த இடத்துக்குள் நிற்க முடியாது, பாதுகாப்புப் பிரச்சினை, கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் வெடித்தேன். கலியாண வீட்டில்கூட ஒரு சொட்டு வாயில் வைக்காத மனிதரை, வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடாத மனிதரைக் குடிகாரர் என்கிறார்களே, நாளைக்கே போன் எடுத்துச் சொல்லப்போகிறேன் என்று குதித்தேன். அவர் முதலில் சிரித்தார். அந்த முகத்தில் சிரிப்பு வரவும் இப்போது நேரமெடுக்கும். பிறகு சொன்னார்:

"விடும். குடியெண்டால் எண்டைக்காவது விட்டிடுவான் எண்டு நினைப்பினம். இதைச் சொன்னால் அப்பிடி நினைக்க ஏலாது."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். வைத்தியர் நோயின் பெயரைச் சொன்ன அன்று வராத அழுகை அன்றைக்கு வந்தது.

"உங்களைக் குடிகாரன் எண்ட நான் பாத்துக்கொண்டு நிக்கவோ?"

"நிக்கவேண்டாம். நீர் சைக்கிளை ஓடும்."

கடைசிப் பந்தயம் தை மாதம், விடாத மழை. கழகத்தில் ஒருத்தி எனக்காகச் சைக்கிள் பிடிக்க நிற்கிறேன் என்று கேட்டாள். வேண்டாம் என்று முகத்தில் அடித்தது போலச் சொல்லிவிட்டேன். அவர் நின்ற இடத்தில் வேறு ஆள் நிற்பதை என்னால் பார்க்க ஏலாது. ஒரே சைக்கிளோடு போனேன். இரண்டாவது சுற்றிலேயே கியர் வேலை செய்யவில்லை, பிறகு சங்கிலி கழன்றது. நான் எல்லாருக்கும் கடைசி. முன்னால் போனவர்கள் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றி என்னைக் கடந்து போனார்கள். சைக்கிள் மாற்றுகிற இடத்தைத் தாண்டும்போதெல்லாம் பழக்கத்தில் என் கை தானாக விரிந்தது.

அதைத் தாண்டினால் ஒரு மேடு. அங்கேதான் பார்வையாளர்கள் கூடி நிற்பார்கள். கிளூவைன் என்று குளிருக்குக் குடிக்கும் சூடான வைனும் பியரும் விற்கும் கூடாரம் அங்கே இருக்கும். பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் ஒரு பகிடி வழக்கம் உண்டு. கடைசியாக வருகிறவர்களுக்குக் குடிக்க எதையாவது நீட்டுவார்கள். வாங்கிக் குடித்தால் கைதட்டல். நான் ஒருநாளும் வாங்கியதில்லை.

சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மேட்டில் ஏறினேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார். பக்கத்தில் கழகத்துச் சனம், தலைவரும்தான். அவருடைய வலது கை வெளியே இருந்தது. சைக்கிள் வேலை தவிர்ந்த நேரம் மாதக்கணக்காகச் சனத்தின் முன் பொக்கற்றை விட்டு வராத கை. அதில் ஒரு கிளூவைன் கோப்பை. கை ஆடிய ஆட்டத்தில் வைன் தளும்பி, விரல்களில் வழிந்து, ஜக்கெட் கையை நனைத்துக்கொண்டிருந்தது. அவர் மறைக்கவில்லை. ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு ஒரு கணத்தில் எல்லாம் விளங்கியது: குடியென்றே நினைக்கட்டும் என்று நிற்கிறார். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தக் கோப்பையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது, அந்தச் சனம் முழுவதற்கும் கேட்கக் கத்த வேண்டும் போல இருந்தது. அவர் கயிற்றுக்கு மேலால் கையை நீட்டினார்.

"பிடியும்."

பிடித்தேன். பாதிதான் மிச்சம் இருந்தது. என் வாழ்க்கையில் முதல் முறையாகக் குடித்தேன். கறுவாப் பட்டையும் கராம்பும் போட்ட, இனித்துக்கொண்டு எரிகிற ஏதோ ஒன்று. மேடு முழுக்கக் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். கோப்பையைத் திருப்பி அவர் கையில் வைத்துவிட்டு, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மிச்ச மேட்டையும் ஏறினேன். மழை பெய்தது நல்லதாகப் போயிற்று, முகத்தில் எது என்ன என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கடைசியாக வந்து முடித்தேன்.

காரில் ஏறியதும் அவர் இருக்கைப் பட்டியைப் பூட்ட முயன்றார், நான் பூட்டிவிட்டேன். வாகனங்களை ஒவ்வொன்றாக வெளியே விட்டுக்கொண்டு தலைவர் வாசலில் மழைக்கோட்டோடு நின்றார். எங்கள் முறை வருவதற்கு முன்னால் என் மனுசன் நனைந்திருந்த ஜக்கெட் கையை என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"மணக்குதோ?"

கார் முழுக்க வைன் மணம். அது தெரியாத ஒரே ஆள் அவர்தான்.

"ஓம்," என்றேன். "நல்லா மணக்குது."

"அப்ப சரி," என்றார். கண்ணாடியை இறக்கி, அந்த வலது கையையே வெளியே நீட்டினார். தலைவர் கொஞ்சம் குனிந்தார், மணத்தை உணர்ந்தது முகத்தில் தெரிந்தது. ஆடிக்கொண்டிருந்த கையை இரண்டு கைகளாலும் பிடித்து, என்னைப் பார்க்காமல் அவரை மட்டும் பார்த்து, அடுத்த பருவத்தில் நீங்கள் திரும்பவும் உள்ளே நிற்பீர்கள், எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்றார். என் மனுசன் தலையை ஆட்டினார். நான் கியரைப் போட்டுக் காரை எடுத்தேன்.