வைக்கோல் போர் எரிகிறது என்று சொன்னேன்

பயர் வண்டியை நான் சரிசெய்துகொண்டிருந்த எட்டு மாதமும் ஊரே என்னைப் பாராட்டியது. ஸ்ரீபெரும்புதூர் மெயின் ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. அதன் பின்பக்கக் கொட்டகையில் வண்டி நின்றது. டீ குடிக்க வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "செத்துப்போன அண்ணனுக்காவ இன்னா பாடு படறான் பாரு, தம்பின்னா இவன்தாம்பா" என்பார்கள். நான் தலை நிமிராமல் துரு சுரண்டுவேன். கூச்ச சுபாவம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எனக்குக் கூச்சம் உண்டுதான். ஆனால் நான் தலை நிமிராததற்குக் காரணம் அது இல்லை.

தீயணைப்பு நிலையத்தில் அந்த வண்டிக்கு என் அண்ணன்தான் டிரைவர். அரசாங்கம் அதைக் கழித்துப் போட்ட பிறகு மண்ணூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்காரர் ஏலத்தில் எடுத்திருந்தார். கொஞ்ச நாள் தண்ணீர் சுமந்தது. பிறகு உமிக் குவியலுக்குப் பின்னால் போட்டுவிட்டார். நான் போய்க் கேட்டபோது, "இழுத்துக்கினு போப்பா, எனக்கு எடம் மிச்சம்" என்றார்.

தண்ணீர்த் தொட்டியின் அடித்தகடு கையால் தொட்டாலே உதிர்ந்தது. பம்பின் புஷ் வளையங்களை என் லேத்திலேயே கடைந்து போட்டேன். மர ஏணியில் நாலு படி புதிது. எஞ்சினைப் பிரித்து, ஒவ்வொரு வால்வையும் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வைத்தேன். கடைசியாகச் சிவப்புப் பெயிண்டும் அடித்தாயிற்று. கதவில் அண்ணன் பெயரை எழுத ஒரு பெயிண்டரை வரவழைத்தேன். அவர் சுண்ணாம்புக் கட்டியால் எழுத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி வந்தாள்.

அண்ணன் போன பிறகு அவள் பிள்ளைகளோடு அதே ஊரில் தன் தாய்வீட்டில் இருந்தாள். வண்டியைச் சுற்றி வந்தவள் கதவுப் பக்கம் நின்றாள்.

"இத அழி."

"அண்ணி..."

"அழின்றேன் இல்ல? காலனி எரியறப்ப தம்பி கல்யாணத்துக்குத் தண்ணி ஊத்திக்கினு இருந்தவரு பேர வண்டியில எழுதுவாங்களா? பாக்கறவன் காறித் துப்புவான். அவரு இருக்கறப்ப துப்பினது பத்தாதா?"

பெயிண்டர் என்னைப் பார்த்தார். "இன்னாண்ணே, எழுதட்டுமா அழிக்கட்டுமா? ஒண்ணு சொல்லுங்க, பெயிண்ட் காஞ்சிக்கினு கீது."

நான் அவரை டீ குடிக்க அனுப்பினேன். அவர் போன பிறகு அண்ணியிடம் சொன்னேன். இருபது வருஷத்துக்கு மேல் சொல்லாமல் வைத்திருந்ததை இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

என் கல்யாணம் சித்திரை மாதத்தில். அந்த வருஷம் ஊர்க் கிணறுகளெல்லாம் சேறாகிவிட்டன. கல்யாணத்துக்கு முந்தின நாள் எனக்கு நலங்கு வைத்து முடித்த நேரம், சமையல்காரர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "தண்ணி வந்தா அடுப்பு. வரலன்னா பொண்ணு வூட்டாருக்கு இலைதான் போடலாம், அத்த வேணா தின்னுட்டுப் போவட்டும்" என்றார். எனக்குத் தெரிந்த ஒரே தண்ணீர் அண்ணன் வண்டியில் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்தேன்.

நலங்கு வைத்த மாப்பிள்ளை வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். உடம்பெல்லாம் மஞ்சளோடு பயர் ஸ்டேஷனில் போய் நின்றேன். அண்ணனோடு வேலை பார்ப்பவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா மாப்பிள்ள, மஞ்சளோட ஓடியாந்துட்ட? பொண்ணு புடிக்கலியா?"

"பொண்ணு இவன புடிக்கலன்னு ஓடிருக்கும்யா!"

எல்லாரும் சிரித்தார்கள். குடம் தூக்கிக்கொண்டு வந்தவனைப் போல அவர்கள் நடுவே தண்ணீர் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் மட்டும் சிரிக்காமல், "இன்னாடா?" என்றார்.

"வைக்கோல் போர் எரியுது" என்றேன்.

ஒருவரும் சந்தேகப்படவில்லை. நலங்கு வைத்த மாப்பிள்ளையே வாசலைத் தாண்டி வந்திருந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? மணியை அடித்துக்கொண்டு வண்டி பறந்தது. நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் பந்தலுக்கு முன்னால் நின்றிருந்தார்கள். வைக்கோல் போர் அது பாட்டுக்கு இருந்தது. அவர்களுக்குத் தலைவராக வந்தவருக்கு முகமெல்லாம் கோபம். அண்ணன் என்னைப் பார்த்தார், காலிப் பீப்பாய்களைப் பார்த்தார்.

"நான்தான் சார் அப்பிடி சொல்லச் சொன்னேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"யோவ், பயர் வண்டி உங்கப்பன் வூட்டு மாட்டு வண்டியாய்யா?"

நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மாமா தலைவரின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். பெண் வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஊத்தித் தொலை" என்றார் அவர். தொட்டி ஏறக்குறைய காலியான நேரத்தில் வடகால் பக்கத்திலிருந்து ஒரு ஆள் ஓடி வந்தான். ஏரிக்கரைக் காலனியில் தீ. வண்டி போனது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தீர்ந்தது. ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. ஒரு வரிசைக் குடிசையும் கட்டியிருந்த ஆடுகளும் போயின. அந்தக் காலனிக்காரர் ஒருவரைக்கூட நாங்கள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கவில்லை. கூப்பிடும் பழக்கம் இல்லை.

மறுநாள் பந்தியில் ரசம் தாராளமாக ஓடியது.

அண்ணனை டிரைவர் வேலையிலிருந்து இறக்கி, சில மாதத்தில் தூரத்து ஊருக்கு மாற்றினார்கள். கிளம்பும் முன்பு நான், "அண்ணா, அன்னிக்கி..." என்று ஆரம்பித்தேன். "வுட்றா. புதுசா குடும்பம் நடத்தறவன் நீ" என்றார். நானும் விட்டுவிட்டேன். அந்த ஊரிலேயே மஞ்சள் காமாலையில் செத்துப் போனார்.

அண்ணி முழுவதையும் நின்றபடியே கேட்டாள்.

"அவரு செத்தன்னிக்கி தலமாட்டுல நின்னு அழுதியே, அப்பகூட சொல்லல."

"இல்ல அண்ணி."

"என்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? வூடு எரிஞ்சவன்கிட்ட போய்ச் சொல்லு. அப்பறம் பேர் எழுதறதப் பத்திப் பேசலாம்."

மறுநாள் காலனிக்குப் போனேன். கீற்று வீடுகள் இருந்த இடத்தில் இப்போது ஓட்டு வீடுகள். என் வயதுள்ள ஒரு கொத்தனார் தன் வீட்டுச் சுவருக்குப் பூசிக்கொண்டிருந்தார். அன்று எரிந்ததில் அவர் வீடும் ஒன்று. அன்று நடந்ததையும் வண்டியில் அண்ணன் பெயர் எழுத நினைப்பதையும் நான் சொல்லி முடிக்கும்வரை அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"அந்தக் கல்யாண மாப்பிள்ள நீதானா?"

"ஆமாங்க."

"எங்கம்மா சாவற வரைக்கும் உங்கண்ணனத் திட்டிக்கினே கெடந்தா. அத்தினியும் உனுக்கு வர வேண்டியது." கலவையைச் சுவரில் அடித்தார். "அவரு லீவு நாள்ல இங்க வந்துடுவாரு. கீத்து முடைஞ்சி கூரைக்குக் குடுப்பாரு. எங்காளுங்க தொரத்துவாங்க. மறு வாரம் வந்து ஓரமா குந்திக்கினு முடைவாரு. கூரை போட்டு முடிச்சப்பறமும் எங்கம்மா திட்டறத வுடல. அவரும் ஒரு வாட்டி கூட தம்பின்னு வாயெடுக்கல."

நான் கையைக் கூப்பினேன்.

"கும்பிடாத. அவரு பேர எழுதிக்கோ, அதுல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. உன்ன இன்னா சொல்றதுன்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டுப் பூச்சு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அண்ணியிடம் போய் வாசலில் நின்றே சொன்னேன். அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"கையெல்லாம் கீறிக்கினு வருவாரு. கேட்டா, ஹோஸ் பைப்பு இழுத்தேன்னுவாரு. ஒழுங்கா ஒரு வேல செய்யத் தெரியுதான்னு நான் வேற பேசிட்டேன்." பிறகு, "எழுதச் சொல்லு. பெருசா எழுதச் சொல்லு" என்றாள். என்னை உள்ளே கூப்பிடவில்லை.

ஆயுத பூஜையன்று வண்டிக்கு மாலை போட்டோம். கிராங்க் கம்பியை மூன்றாவது தரம் சுழற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கடைத்தெருக்காரர்கள் கைதட்டினார்கள். ஒருவர் எனக்குத் துண்டு போர்த்தி, "அண்ணன் செஞ்ச தப்ப தம்பி கழுவிட்டாம்பா" என்றார். அண்ணி எதிரில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டே வார்த்தை போதும், "தப்பு என்னுது." அத்தனை முகங்கள். நான் துண்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தேன்.

கற்பூரம் காட்டித் தட்டை எல்லாரிடமும் நீட்டிக்கொண்டு வந்தேன். அண்ணியிடம் நீட்டினேன். அவள் தட்டைத் தொடவில்லை. கதவில் இருந்த பெயரை ஒரு தரம் கையால் தடவிவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.